பேக் கவரைக் கழற்றாமல் வயர்லெஸ் சார்ஜ் ஏறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் போனுக்கு வரும் பெரிய தொல்லை, சார்ஜ் போர்ட்டில் பஞ்சு அடைத்துக்கொள்வது. பனியன் கம்பெனியிலும் தறி ஓடும் குடோனிலும் பறக்கிற பஞ்சு, சட்டைப்பையில் கிடக்கும் போனின் ஓட்டைக்குள் போய்ப் படிந்துவிடும். நாள்பட நாள்பட இறுகி, கேபிள் முனையை முழுதாக உள்ளே இறங்க விடாது. குண்டூசியால் நோண்டி, போர்ட்டின் பின்னையே வளைத்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்களும் உண்டு. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று வயர்லெஸ் சார்ஜர் வாங்க வருகிறவர்கள், விலை கேட்ட கையோடு கேட்பது பேக் கவரைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, கவர் நடுவில் இருக்கும்போது கரண்ட் எப்படி உள்ளே போகும்?

கரண்ட் நேராக உள்ளே போவதில்லை. போனை மேலே வைக்கும் தட்டையான சார்ஜர் பேட்டுக்குள் ஒரு செம்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மாறுதிசை மின்சாரம் ஓடும்போது சுற்றிலும் ஒரு காந்தப்புலம் உண்டாகி, நொடிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் முறை வரை மாறிக்கொண்டே இருக்கும். போனின் முதுகுக்குள்ளும் அதே மாதிரி ஒரு சுருள். மாறும் காந்தப்புலம் அதைத் தொட்டதும் அங்கே மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு மறந்தது.

வீட்டு இண்டக்ஷன் அடுப்பும் இதே சங்கதிதான். அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்தாலும் பால் காயும், ஏனென்றால் காந்தப்புலத்துக்குக் காகிதம் ஒரு பொருட்டே அல்ல. பிளாஸ்டிக், ரப்பர், தோல், மரம், கண்ணாடி எல்லாமே அப்படித்தான். குறுக்கே நின்று சக்தியை வாங்கிக்கொள்வது உலோகம். ஆகவே கவரில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: பின்பக்கம் உலோகம் இருக்கிறதா, எவ்வளவு தடிமன். நிறம், விலை, பெட்டியில் போட்டிருக்கும் பெயர் எல்லாம் அப்புறம்.

என் போனுக்குப் பின்னால் கண்ணாடிதான். அப்படியென்றால் வயர்லெஸ் சார்ஜ் ஏறும்தானே?

அவசியமில்லை. உள்ளே சுருள் இருந்தால்தான் ஏறும். பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் போன்கள் பலவற்றில் முதுகு கண்ணாடி மாதிரி பளபளக்கும், சுருள் இருக்காது. ஐஃபோன் என்றால் 2017-ல் வந்த ஐஃபோன் 8 முதல் எல்லாவற்றிலும் உண்டு. சாம்சங்கில் எஸ் வரிசையில் உண்டு, ஏ வரிசையை நம்பி வாங்காதீர்கள். மற்ற கம்பெனிகளில் விலை கூடிய மாடல்களில்தான் பெரும்பாலும் இருக்கும். சார்ஜர் வாங்கும் முன் போன் கம்பெனியின் வலைத்தளத்தில் உங்கள் மாடலைத் தேடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கவரைக் குறை சொல்லிக்கொண்டு வருகிற சிலரின் போனில் இந்த வசதியே இருப்பதில்லை.

சுருள் இல்லாத போனுக்கு, போர்ட்டில் சொருகி முதுகில் ஒட்டிக்கொள்ளும் தகடு மாதிரியான ரிசீவர் கிடைக்கிறது. வேலை செய்யும், மெதுவாக. ஆனால் போர்ட்டை அதுவே நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். எனக்கு அது பிடிக்காது.

எந்தக் கவர் நல்லது, எந்தக் கவர் ஆகாது?

ரப்பர் கவர் என்று நாம் கேட்டு வாங்கும் வளையும் கவர் பெரும்பாலும் டிபியூ என்ற பிளாஸ்டிக். அது, சிலிக்கோன் கவர், பாலிகார்பனேட்டில் செய்த ஹார்டு கவர் மூன்றும் தாராளமாகப் போடலாம். ட்ரான்ஸ்பரென்ட் கவர் மஞ்சளாகிப் போனாலும் சார்ஜுக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் நன்றாயிருக்காது.

தோல் கவரும் சரி. அசல் தோலில் காந்த சார்ஜரை வைத்து எடுத்தால் நாளடைவில் வட்டமாக ஒரு தடம் விழும். அது பழுதல்ல, தோலின் குணம். ஃபிளிப் கவரில்தான் சிக்கல். மூடி மடங்கிப் பின்னால் போகும்போது தடிமன் இரட்டிப்பாகிறது, மூடியில் இருக்கும் காந்தப் பொத்தான் சுருளுக்கு நேராக வந்து உட்காரும். சார்ஜ் போடும்போது மூடியைத் திறந்து ஒரு பக்கமாக விடுங்கள்.

கார்பன் ஃபைபர் என்று விற்கும் கவர்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்கின் மேல் கட்டம் போட்ட அச்சு. அதனால் பாதகமில்லை. அசல் கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள், ஆகவே சார்ஜைக் கெடுக்கும். அதே தோற்றத்தில் அராமிட் ஃபைபர் என்று ஒன்று வருகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது, மெலிதாகவும் இருக்கும். காசு செலவழிக்கத் தயார் என்றால் அதை வாங்கலாம்.

ஓரத்திலும் கேமராவைச் சுற்றியும் மட்டும் தங்க முலாம் பூசிய கவர்கள் பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை. முதுகு முழுக்கக் கண்ணாடி மாதிரி உலோகப் பூச்சு பூசியிருந்தால் கடையிலேயே சார்ஜரில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அலுமினியக் கவர் போட்டால் என்ன ஆகும்? மெதுவாகவாவது ஏறாதா?

ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காந்தப்புலம் உலோகத் தகட்டில் பட்டதும், தகட்டுக்குள்ளேயே மின்சாரம் வட்டம் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். சுழல் மின்னோட்டம் என்று பெயர். போனுக்குப் போக வேண்டிய சக்தி தகட்டிலேயே சூடாகித் தீர்ந்துவிடும்.

கோயமுத்தூரில் மோட்டார் செய்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். மோட்டாரின் உள்பாகத்தை ஒரே இரும்புக் கட்டியாக வைக்காமல், அரை மில்லிமீட்டர் தகடுகளாக ஸ்டாம்பிங் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் காப்புப் பூச்சு கொடுத்து அடுக்குவது இந்தச் சுழல் மின்னோட்டத்தை அடக்கத்தான். அங்கே தகட்டை மெலிதாக்கித் தப்பிக்கிறார்கள். போன் கவரில் அந்த வழி கிடையாது.

ஒழுங்கான சார்ஜர் என்றால் இதைத் தானே கண்டுபிடித்துவிடும். தனக்கு எவ்வளவு சக்தி வந்தது என்று போன் அதே சுருள் வழியாகச் சார்ஜருக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும். அனுப்பியதற்கும் வந்து சேர்ந்ததற்கும் கணக்கு உதைத்தால், நடுவில் ஏதோ உலோகம் கிடக்கிறது என்று சார்ஜர் நிறுத்திவிடும். பல சார்ஜர்களில் விளக்கு மின்னுவது இதற்காகத்தான். சார்ஜர் கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுக்க வருவதற்கு முன் கவரைக் கழற்றி வைத்துப் பாருங்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கிய சார்ஜரில் இந்தக் கண்காணிப்பு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதில் உலோகத்தை வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும்.

போனின் நாலு ஓரத்தில் மட்டும் அலுமினியச் சட்டம் இருந்து, முதுகு திறந்தோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும் பம்பர் கவர் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கவருக்கும் போனுக்கும் நடுவில் ஏடிஎம் கார்டும் நூறு ரூபாய் நோட்டும் வைத்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டுமா?

நம் ஊரில் பாதிப் பேருக்குப் பேக் கவர்தான் மணிபர்ஸ். கழற்றினால் மடித்த நோட்டு, லைசென்ஸ், பஸ் டிக்கெட், மருதமலையிலோ பழனியிலோ வாங்கிய முருகன் படம் என்று ஒவ்வொன்றாக விழும்.

ஒற்றை நோட்டோ காகிதப் படமோ தடுக்காது. நாலாக மடித்த நோட்டு தடிமனைக் கூட்டும். ஏடிஎம் கார்டு வேறு ரகம். அதன் பின்னால் இருக்கும் கறுப்புக் காந்தப் பட்டையும், தட்டிப் பணம் கட்டும் சிப்பும் சார்ஜரின் காந்தப்புலத்தில் கெட்டுப்போக வாய்ப்புண்டு. ஆபீஸ் கதவைத் திறக்கும் அட்டைக்கும் அதே கதி. சார்ஜ் போடும் முன் கார்டை எடுத்துவிடுங்கள், இதில் சலுகை கிடையாது.

செம்பிலோ பித்தளையிலோ சாமி யந்திரம் பொறித்த சின்னத் தகடு வைத்திருக்கிறவர்களும் உண்டு. விரல் நகத்தைவிட மெலிசுதானே என்று தோன்றும். ஆனால் செம்பு அலுமினியத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். சுருளுக்கு நேராக அது இருந்தால் ஒன்று சார்ஜ் நின்றுபோகும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் கொதிக்கும். சாமி தகட்டைப் பர்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காரில் மேக்னட் ஹோல்டருக்காகக் கவரில் ஒட்டிய இரும்புத் தகடு?

அதுவும் ஆகாது. வட்டமான முழுத் தகட்டைப் போனின் நட்டநடுவில் ஒட்டச் சொல்லி டப்பாவில் போட்டிருப்பார்கள், சரியாகச் சுருள் இருக்கும் இடம் அது. விரலில் மாட்டும் மோதிரம் வைத்த ரிங் கவரும் இதே வகை, அதன் அடியில் ஒரு உலோகத் தகடு ஒளிந்திருக்கும். நடுவில் ஓட்டையுள்ள வளையமாக இருந்து, சுருளைச் சுற்றி வெளியே உட்கார்ந்தால் பிரச்சினை குறைவு. ஆனால் கண்மதிப்பில் ஒட்டும்போது கொஞ்சம் நகர்ந்துவிட்டாலும் சார்ஜரின் சுருளும் போனின் சுருளும் நேர்நேராக நிற்காது, வேகம் விழுந்துவிடும்.

எவ்வளவு தடிமன் வரை தாங்கும்?

பெரும்பாலான பேட்கள் 3 மில்லிமீட்டர் தடிமன் வரை சமாளிக்கும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. பேட்டின் மேல்தோலும் போனின் கண்ணாடியும் ஏற்கெனவே கொஞ்சம் இடைவெளியைத் தின்றுவிடுகின்றன, கவருக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். சாதாரண டிபியூ கவர் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் யோசிக்கவே வேண்டாம்.

ஆர்மர் கவர் என்று டிராக்டர் டயர் மாதிரி வருகிறதே, அதன் மூலைகள் எவ்வளவு தடித்திருந்தாலும் பரவாயில்லை. முதுகின் நடுப்பகுதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. நம் ஊரில் வெர்னியர் இல்லாத பட்டறை கிடையாது, பக்கத்துப் பட்டறையில் கொடுத்து அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது நடுவில் மடக்கு ஸ்டாண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். உலோக ஸ்டாண்டு என்றால் தடிமனைப் பற்றிப் பேசியே பயனில்லை.

காந்தம் வைத்த மேக்சேஃப் கவர் கட்டாயம் வேண்டுமா?

சாதாரண பேட்டில் வைத்து எடுக்கத் தேவையில்லை. காந்த சார்ஜர் வாங்கினால் தேவை.

2020-ல் ஐஃபோன் 12 வந்தபோது ஆப்பிள் போனின் முதுகுக்குள் காந்த வளையம் வைத்தது. அதற்கு ஆப்பிள் வைத்த பெயர்தான் மேக்சேஃப். சார்ஜர் தானாக வந்து சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும், வேகமும் 15 வாட் வரை போகும். பழைய ஐஃபோன்களில் 7.5 வாட்தான். பிறகு அந்தக் காந்த ஏற்பாட்டை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தும்படி 2023-ல் சீ 2 (Qi2) என்ற பொதுத் தரம் வந்தது. சாம்சங் எஸ் 25 அந்தத் தரத்துக்குத் தயார் என்றாலும் போனுக்குள் காந்தம் இல்லை, காந்தக் கவர் போட்டால்தான் ஒட்டும். கூகுள் பிக்சல் 10-ல் போனுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது.

காந்தம் உள்ள போனுக்குக் காந்தம் இல்லாத கவர் போட்டாலும் சார்ஜர் லேசாக ஒட்டும். ஆனால் பிடி தளர்ந்து, கை பட்டால் நகர்ந்துவிடும். ராத்திரி போட்ட சார்ஜ் காலையில் இருபது சதவீதத்தில் நிற்பதற்கு இதுவே பல நேரம் காரணம். வாங்கும்போது வெறும் வட்டக் கோடு அச்சடித்த கவரா, உண்மையில் காந்தம் உள்ளதா என்று ஒரு இரும்புச் சாவியை ஒட்டிப் பாருங்கள். வட்டத்தை மட்டும் அச்சடித்து விற்பதும் நடக்கிறது.

லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். காந்தக் கவர் போடலாமா?

கோயமுத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கமிருந்து வருகிற கேள்வி இது. என் பதில்: வேலை நேரத்தில் வேண்டாம்.

காரணம் கண்ணால் பார்த்தால் புரியும். கிரைண்டிங் நடக்கும் இடத்தில் மேசை மேல் வைத்த காந்தக் கவரைச் சாயங்காலம் திருப்பினால், வளையத்தைச் சுற்றி இரும்புத் தூள் மயிர்க்கால் மாதிரி குத்திட்டு நிற்கும். கையால் தட்டினால் உதிராது, துணியால் துடைத்தால் வளையத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகரும், அவ்வளவுதான். அப்படியே சார்ஜரில் ஒட்டினால் தூள் நடுவில் மாட்டிச் சூடாகும், சார்ஜர் நிறுத்தவும் செய்யலாம். கவருக்கும் போனுக்கும் இடையில் இறங்கினால் பின் கண்ணாடியில் கீறல் விழும். போனின் ஸ்பீக்கருக்குள்ளும் காந்தம் உண்டு, அந்த வலையிலும் தூள் போய் அப்பிக்கொள்ளும்.

எடுப்பதற்கு நல்ல வழி அகலமான செல்லோ டேப். ஒட்டி, அழுத்தி, உரித்தால் டேப்போடு வந்துவிடும், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். ஏர் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள், தூள் மைக் ஓட்டைக்குள் போய்விடும். பட்டறைக்குக் காந்தம் இல்லாத டிபியூ கவர், வீட்டில் சாதாரண பேட். இதுதான் சரிப்பட்டு வரும். பித்தளை, அலுமினியம் கடைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை காந்தத்தில் ஒட்டாது.

சித்திரை, வைகாசியில் சார்ஜ் பாதியில் நின்றுவிடுகிறது. கவர்தான் காரணமா?

கவர் பாதி, வெயில் பாதி. வயர்லெஸ்ஸில் கேபிளைவிடச் சக்தி அதிகம் வீணாகிறது, வீணாவது முழுக்கச் சூடாகத்தான் வெளியே வரும். தடித்த ரப்பரும் சிலிக்கோனும் அந்தச் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆப்பிள் தன் போன்களைப் பயன்படுத்தச் சொல்லும் சுற்றுப்புற வெப்பமே 35 டிகிரி வரைதான். அக்னி நட்சத்திரத்தில் ஈரோடு, கரூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது போன் தன் பேட்டரியைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், 80 சதவீதத்தோடு நிறுத்தி வைக்கும். சூடு தணிந்ததும் தானே தொடரும்.

வெயில் காலத்தில் சார்ஜ் போடும்போது மட்டும் கவரைக் கழற்றிவிடலாம். பேட்டைக் கட்டில் மெத்தையிலோ பவானி ஜமக்காளத்தின் மேலோ வைக்காதீர்கள், அடியில் காற்றுப் போகாது. மேசை, ஃபேன் காற்று படும் இடம் உத்தமம். மேசை விரிப்புக்கு அடியில் பேட்டை மறைத்து வைக்கிறவர்கள், விரிப்பின் தடிமனையும் கவரோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். காரில் டேஷ்போர்டு மேல் வெயில் படும்படி வயர்லெஸ் சார்ஜ் போடுவது பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். வெயில், சார்ஜர், மேப் மூன்றும் ஒரே நேரத்தில் சூடேற்றும்போது எந்தக் கவரும் கைகொடுக்காது.

கவர் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக ஏறுகிறதே?

பேட்டுக்குக் கொடுத்திருக்கும் அடாப்டரைப் பாருங்கள். பழைய 5 வாட் அடாப்டரில் 15 வாட் பேட்டைச் சொருகினால் 15 வாட் எங்கிருந்து வரும்? குறைந்தது 20 வாட் அடாப்டர் போடுங்கள். அப்புறம் போனைப் பேட்டின் நடுவில் வையுங்கள். கேமரா மேடு பேட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, போன் சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லித் தங்க நிறச் சிப் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். கவரின் உள்ளே ஒட்டலாமா?

வேண்டாம். கதிர்வீச்சைத் தடுக்காது, உலோகப் படலமாக இருந்தால் சார்ஜைத் தடுக்கும். உரித்துப் போட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. காந்தக் கவர் போட்ட போனைக் கொடுக்கலாமா?

சட்டைப்பையில் வைக்கிற பழக்கம் இருந்தால் கொடுக்காதீர்கள். போனையும் காந்தத் துணைக்கருவிகளையும் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள். வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல். இடது பக்கச் சட்டைப்பை நெஞ்சை ஒட்டியே இருக்கிறது. காந்தம் இல்லாத கவரானாலும், உள்ளே காந்த வளையம் உள்ள போனுக்கு இதே கணக்குதான். மற்றதை அவருக்கு வைத்தியம் பார்க்கும் இதய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போதே எப்படிச் சோதிப்பது?

ஒரு சின்னக் காந்தத்தைக் கவரின் முதுகில் ஓட்டிப் பாருங்கள். இழுத்தால் உள்ளே இரும்போ காந்தமோ இருக்கிறது. இழுக்கவில்லை என்பதால் உலோகமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அலுமினியமும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. தொட்டால் சில்லென்று இருக்கிறதா, நகத்தால் தட்டினால் கணீரென்கிறதா என்று பாருங்கள். கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டிலோ டவுன்ஹாலிலோ வாங்கினால், கவரைப் போனில் மாட்டி அவர்கள் சார்ஜரிலேயே ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சார்ஜ் ஏறுகிற குறி வந்தால் மட்டும் போதாது, ஐந்து நிமிடம் கழித்தும் நிற்காமல் ஏற வேண்டும், கை பொறுக்காத சூடு இருக்கக்கூடாது.

கவரோடு போட்டால் கரண்ட் பில் ஏறுமா?

5000 எம்ஏஎச் பேட்டரியை ஒருமுறை நிரப்ப 19 வாட்-மணி அளவில் வேண்டும். கவர், வயர்லெஸ் எல்லாவற்றிலும் வீணாவதைத் தாராளமாகச் சேர்த்து 30 என்று வைத்தாலும், தினமும் போட்டால் மாதத்துக்கு ஒரு யூனிட்டை, அதாவது 1000 வாட்-மணியை, தொடாது. ஈபி கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.